யார் எடுத்துக் கொடுப்பது? ஊரடங்குக் காலப் பள்ளியும் நூலகர் வேலையும்

2020 ஜூலையில் ஒரு ராத்திரி அக்கா மகள் போன் செய்தாள். ஏழாம் வகுப்பு. வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அது காலையில் அத்தானோடு வேலைக்குப் போய்விடும். எட்டரைக்கு அவர் வந்து, சாப்பிட்டு, நாலு பேருக்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் இவள் கைக்கு வரும். அன்றைக்கு வகுப்பு வாட்ஸாப் குழுவில் 17 இணைப்புகள். "சித்தி, எல்லாத்தையும் பாக்கணுமா, இல்ல ஏதாவது ஒண்ணு பாத்தா போதுமா?"

எனக்கு அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். மூன்று இணைப்புகள் ஒரே காணொளிக்குப் போயின. மூன்று பேர் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று 41 நிமிட வகுப்பு, இவளுக்கு வேண்டியது அதில் எங்கே வருகிறது என்று ஒரு குறிப்பும் இல்லை. இரண்டு இந்தியில். ஒன்று ஏதோ கைடு புத்தகத்தின் ஸ்கேன், பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே ஒரு டெலிகிராம் சேனலின் பெயர். ஒன்று திறக்கவே இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அந்த வருஷம் அவர்கள் தலையில் விழுந்தது பழக்கமில்லாத வேலை. ஆனால் அதைப் படித்து, பயிற்சி எடுத்து, தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி நூலகர்கள்.

பஞ்சம் எதற்கு?

தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறக்குறைய 19 மாதம். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது "பிள்ளைகளுக்குப் படிக்க ஒன்றுமில்லை" என்று பலர் சொல்வார்கள். பாடப்பொருளைப் பொறுத்தவரை அது சரியில்லை. பாடங்களை இணையத்தில் கொடுக்கும் மத்திய அரசின் தீக்ஷா தளம் 2017 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. 2018இலிருந்து வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்டிலிருந்து ஒளிபரப்பில் இருந்தது. காரக்பூர் ஐஐடி உருவாக்கிய தேசிய மின்நூலகம், பிரதம் புக்ஸ் நடத்தும் சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவர், யூடியூபில் எண்ணி முடியாத ஆசிரியர் சேனல்கள் என்று கொட்டிக் கிடந்தது.

கருவிக்குப் பஞ்சம் இருந்தது, அது மெய். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீதத்தில், இணைய வசதி 14.9 சதவீதத்தில். ஸ்மார்ட்போன் மட்டும் வேகமாகப் பெருகியது. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்திருக்கும் கிராமப்புறப் பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் 2018இல் 36.5 சதவீதம், 2020இல் 61.8. அந்த 61.8க்குள்தான் என் அக்கா மகளும் வருகிறாள். வீட்டில் போன் இருக்கிறது என்று அவள் பக்கத்தில் ஒரு டிக் விழுந்திருக்கும். அவளுக்கு அது கிடைத்தது என்னவோ ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை, அதுவும் தூக்கக் கலக்கத்தில்.

ஆகக் கடைசியில் பஞ்சம் நேரத்துக்குத்தான். ஒரு மணி நேரத்தில் அரை மணி தேடுவதிலும், திறப்பதிலும், "இது நம்ம பாடம் இல்ல" என்று மூடுவதிலும் போனால் மிச்சம் என்ன?

சீர்காழிக்காரர் ஒருவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார். சீ.இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டவர். நூலகவியல் படிக்கப் போகும் யாரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் விதிகள் அவை. நான்காவது விதி: வாசகரின் நேரத்தைச் சேமி. புத்தக அடுக்கை வாசகர் தொடும்படி திறந்து வைப்பது, பொருள்வாரியாக எண் கொடுப்பது, அட்டவணை போடுவது எல்லாமே அந்த விதிக்குள் வருபவை. இன்று 'க்யூரேஷன்' என்று நூலகர்கள் சொல்வதும் அதே வீட்டுப் பிள்ளைதான். தேடி, பார்த்து, கழித்து, மிஞ்சியதை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி குறிப்பு எழுதிக் கொடுப்பது.

இணையம் வருவதற்கு முன்பே இதற்கு ஒரு வடிவம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி நூலகத்தில் 'பாத்ஃபைண்டர்' என்று ஒற்றைத் தாள்கள் போட்டார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, முதலில் எந்தக் கலைக்களஞ்சியத்தைப் பார், பிறகு எந்த அடுக்குக்குப் போ, எந்த இதழைப் புரட்டு என்று சொல்லும் தாள். அது பின்னால் இணையப் பக்கமானது. நம் பக்கம் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் நூலகர் பணியிடம் உண்டு. அவர்களில் பலர் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே பள்ளி நூலகத்துக்கு வலைப்பூ நடத்தி, வகுப்புவாரியாக இணைப்புகளைத் தொகுத்து வந்தார்கள். 2020இல் மற்றவர்கள் முதலிலிருந்து தொடங்கியபோது அவர்களுக்குப் பழைய பக்கத்தைத் தூசி தட்டினால் போதுமானதாக இருந்தது.

ஐந்தே வரிகள்

திருச்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் என் தோழி நூலகர். 2020 ஆகஸ்ட்டில் அவள் மின்சுற்றுப் பாடத்துக்குப் போட்ட பட்டியலைக் காட்டினாள். மொத்தம் ஐந்து வரிகள். இதற்கா மூன்று நாள் என்று சிரித்தேன். அப்புறம் அவள் விளக்கினாள்.

முதல் வரி பாடநூலின் பக்க எண்ணும், கியூஆர் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஆறெழுத்துக் குறியீடும். குறியீட்டை ஏன் தனியாக எழுத வேண்டும்? புத்தகமே பிடிஎஃபாக அந்த ஒரே போனில்தான் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் கோட்டை அதே போனின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது? குறியீட்டைத் தீக்ஷா செயலியில் தட்டினால் பாடம் வந்துவிடும். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. கியூஆர் கோடு பற்றி நானும் எங்கெங்கோ பெருமையாகப் பேசியிருக்கிறேன், இது தோன்றவே இல்லை.

இரண்டாவது வரி ஒரு காணொளி. பக்கத்தில் அவள் எழுதியது: "6 நிமிடம். குறைந்த தரத்தில் வைத்துப் பார், டேட்டா குறையும். 1:40இல் தொடங்கு, முன்னால் இருப்பது சேனல் விளம்பரம். பேட்டரியைச் செல் என்பார், நம் புத்தகத்தில் மின்கலம்." மூன்றாவது, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இருக்கும் மின்சுற்று சிமுலேஷன். கம்பியை இழுத்து, பல்பை மாட்டி, சுவிட்சைத் தட்டினால் திரையில் வெளிச்சம் வரும். "இங்கிலீஷில் இருக்கும், எழுத்து ரொம்பக் கம்மி, பயப்படாதே. ஒரு தடவை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்." நான்காவது, ஒரு பக்கப் படக்குறிப்பு, அவளே கையால் வரைந்து போட்டோ எடுத்தது. ஐந்தாவதில் இணைப்பே கிடையாது: "வீட்டில் பழைய டார்ச் லைட் இருந்தால் அப்பாவிடம் கேட்டுக் கழற்றிப் பார். மின்கலம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று எழுதி வை."

மூன்று நாளில் அவள் பார்த்தது முப்பதுக்கும் மேல். பிள்ளைகளுக்குப் போனது ஐந்து. கழித்த அந்த இருபத்தைந்துதான் அவள் சம்பளத்துக்குச் செய்த வேலை என்பேன். ஆனால் அது யார் கண்ணிலும் படாது. "மேடம், மத்த ஸ்கூல்ல தினம் பத்து லிங்க் அனுப்பறாங்களாமே" என்று ஒரு பெற்றோர் கேட்டதாகச் சொன்னாள்.

பட்டியலை எங்கே வைப்பது என்பதும் தலைவலிதான். வாட்ஸாப்பில்தான் எல்லாரும் இருந்தார்கள், அதை விட்டால் வழியில்லை. ஆனால் வாட்ஸாப் ஓடுகிற தண்ணீர். காலையில் போட்ட பட்டியல் மத்தியானத்துக்குள் 'குட் மார்னிங்', 'நோட்டட் மேம்', கைகூப்பும் படம் எல்லாவற்றுக்கும் கீழே போய்விடும். ஒரு மாதம் கழித்துப் பழைய கோப்பைத் தொட்டால், திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்று செய்தி வரும். காணொளியை நேரடியாக அனுப்ப அப்போது 16 எம்பி வரைதான் இடம். தோழி செய்தது எளிது. எல்லாப் பட்டியலையும் ஒரே கூகுள் டாக்கில் வரிசையாக எழுதிக்கொண்டு போனாள். குழுவில் அந்த ஒரு முகவரி மட்டும், ஒவ்வொரு திங்கட்கிழமையும். நெட்டே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பிரின்ட் எடுத்து, சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி பருப்பு வாங்க வந்த பெற்றோரிடம் கொடுத்தனுப்பினாள்.

அந்த வருஷக் கடைசியில் இன்னொரு சங்கடம். அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. முன்கூட்டியே சொன்னதுதான். ஆனாலும் பள்ளிப் பாடத்துக்கென்று பத்துப் பதினைந்து வருஷமாகச் சேர்ந்திருந்த அனிமேஷன்களும் விளையாட்டுகளும் ஃபிளாஷில் செய்யப்பட்டவை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் திரையை நம்பி உட்கார்ந்திருந்த நேரத்தில் அவற்றில் நிறைய வெள்ளைக் கட்டமாகிப் போயின. ஃபெட் மாதிரி, தனி மென்பொருள் இல்லாமல் உலாவியிலேயே ஓடும் எச்டிஎம்எல்5க்கு முன்னாலேயே மாற்றத் தொடங்கியவை தப்பித்தன. ஒரு தடவை தொகுத்து முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அச்சுப் புத்தகத்தைக் கரையான் அரிக்கப் பல வருஷம் ஆகும். இணைப்பு ஒரே ராத்திரியில் செத்துவிடும்.

தமிழில் தேடினால்

தமிழ்வழிப் பிள்ளைக்குத் தொகுப்பதில் ஆங்கிலத்தில் இல்லாத சில சிக்கல்கள் உண்டு.

முதல் சிக்கல் கலைச்சொல். நம் பாடநூலில் ஒளிச்சேர்க்கை என்பது இலங்கைப் பாடநூலில் ஒளித்தொகுப்பு. உயிரியலில் இங்கே செல், அங்கே கலம். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்வழிப் பாடங்கள் கிடைக்கின்றன, நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கி வருகிறது. தேடும்போது அவை வந்து விழும், நல்ல விளக்கமும் இருக்கும். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை 'கலம்' என்று பார்த்ததும் பாத்திரமா, கப்பலா என்று முழிக்கும். ஒரு வரி போதும்: "இதில் கலம் என்று வருவது நம் செல்." அந்த ஒரு வரியை எந்தத் தேடுபொறியும் எழுதித் தராது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நம் காணொளியைக் கொடுக்கும்போதும் இதே குறிப்பு தலைகீழாக வேண்டும்.

இரண்டாவது, பழையதும் புதியதும் ஒரே வரிசையில் வருவது. இலவசமாக, சட்டச் சிக்கல் இல்லாமல் தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி பழைய நூல்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி இலக்கியங்களை ஏற்றி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய நூல்களின் ஸ்கேன்கள் குவிந்திருக்கின்றன. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியமும் இணையத்தில் கிடைக்கிறது. அதன் முதல் தொகுதி 1954இல் வந்தது, தமிழுக்கு அது பெரிய கொடை. ஆனால் அதில் சூரியக் குடும்பத்துக்கு ஒன்பது கோள்கள். புளூட்டோவை 2006இல் கோள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காகக் கலைக்களஞ்சியத்தைப் பிள்ளை கண்ணில் காட்டாமல் இருக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டுரையை இன்றும் கொடுக்கலாம், எதை "அந்தக் காலத்தில் இப்படி நினைத்தார்கள்" என்ற குறிப்போடு கொடுக்கலாம் என்று பிரிக்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது, வாசிப்பு நிலை. தமிழில் ஒரு செய்தி இருக்கிறது என்பதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிக்கிற தமிழில் இருக்கிறது என்பதும் ரொம்ப தூரம். தமிழ் விக்கிப்பீடியாவில் அறிவியல் கட்டுரைகள் நிறைய உண்டு, பல நல்ல கட்டுரைகள். ஆனால் முதல் பத்தியிலேயே நான்கு கலைச்சொற்கள் வந்து மறித்து நிற்கும். ஸ்டோரிவீவர் இதில் உதவியது, அங்கே கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உரிமமும் தாராளம், பெயர் குறிப்பிட்டால் போதும், அச்சடித்துக் கொடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், சத்தமாக வாசித்துப் பதிவு செய்தும் அனுப்பலாம்.

அனுப்பலாமா, கூடாதா

உரிமம் என்றதும் நினைவுக்கு வருவது அந்தக் கைடு புத்தக ஸ்கேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தால் அது மீறலாகாது என்று விலக்கு இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துப் படியெடுப்பதற்கு இந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைக் கொடுப்பது பற்றித்தான் அங்கே பேச்சு. விற்பனையில் இருக்கும் புத்தகத்தை முழுசாகத் திருட்டுச் சேனலிலிருந்து எடுத்து 200 பேர் குழுவில் போடுவதற்கு அதைத் துணைக்கு அழைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோழியின் வழி இன்னும் எளிது. இலவசமாக வெளியிட்டது இருக்கும்போது திருடியது எதற்கு? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுவதும் அரசே பிடிஎஃபாகக் கொடுக்கிறது.

வெளிநாட்டில் இது பெரிய வழக்காகவே போனது. 2020 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 'தேசிய அவசரகால நூலகம்' என்று அறிவித்து, ஸ்கேன் செய்து வைத்திருந்த சுமார் 14 லட்சம் நூல்களுக்குக் காத்திருப்புப் பட்டியலை எடுத்துவிட்டது. அதுவரை ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்று கொடுத்து வந்தவர்கள், பூட்டிய நூலகங்களை நினைத்து ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். ஆசிரியர்களும் நூலகர்களும் கொண்டாடினார்கள், எழுத்தாளர்களில் ஒரு பகுதி கொதித்தது. ஜூன் 1 அன்று நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, ஜூன் 16உடன் அந்தச் சேவை நின்றது. 2023 மார்ச்சில் தீர்ப்பு பதிப்பகங்கள் பக்கம் வந்தது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்க்கைவின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பள்ளி நூலகர் வேலைக்கு 14 லட்சம் புத்தகம் வேண்டாம். அதே மாதங்களில் அமெரிக்கப் பதிப்பகங்கள் சில, ஆசிரியரும் நூலகரும் தங்கள் குழந்தை நூல்களை வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையவழியில் வாசித்துக் காட்டலாம் என்று தற்காலிக அனுமதி கொடுத்தன. எந்தப் பதிப்பகம், எந்தத் தேதி வரை, பதிவை எப்போது அழிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிபந்தனை. அதை உட்கார்ந்து படித்து ஆசிரியருக்குச் சொன்னதும் பள்ளி நூலகர்கள்தான்.

இலவசம் என்று வந்த செயலிகள் வேறு கதை. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளில் அரசுகள் கைகாட்டிய 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் சோதித்து அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்குக் கிட்டத்தட்ட, பிள்ளைகளின் தகவலைக் கையாளும் விதத்தில் குறை இருந்தது. ஒரு செயலி எதற்காகத் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கிறது என்று நிறுவும் முன் பார்ப்பதும் தொகுப்பவர் வேலையில் சேரும். 2020இல் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நானும் பார்க்கவில்லை.

பீரோ சாவி

சரி, இத்தனையும் செய்ய நம் பள்ளிகளில் ஆள் எங்கே? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள் வேண்டும் என்கிறது. அதே அட்டவணையில் இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆசிரியர், ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் என்று வரிசையாக வருகிறது. நூலகர் என்ற சொல் இல்லை. அதனால் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் நூலகம் என்பது ஒரு ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு. தமிழய்யாவோ பி.டி. வாத்தியாரோ சாவியை வைத்திருப்பார். புத்தகம் தொலைந்தால் அவர் கணக்கில் வரும், அதனால் பீரோ பூட்டியே இருக்கும். அவரைத் திட்டிப் பயனில்லை.

அரங்கநாதன் இருந்த மாநிலத்துக்கு இது பொருந்தவில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல். 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடத் தொடங்கியது. கனகசபைப் பிள்ளை என்ற உள்ளூர்க்காரரின் யோசனை, தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். ஊர் ஊராகப் போன அந்த வண்டியிலும் எந்த ஊருக்கு எந்தப் புத்தகம் என்று பார்த்துக் கொடுக்க ஒருவர் கூடவே போக வேண்டியிருந்திருக்கும். நாம் 2020இல் அனுப்பியது வண்டியை மட்டும்.

பள்ளி திறந்த பிறகு நல்ல மாற்றம் இல்லாமல் இல்லை. 2023இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். தலைப்பே பிள்ளைக்குப் புரியும். நிலை பார்த்துப் பிரித்தது யாரோ உட்கார்ந்து செய்த வேலை, அது தெரிகிறது. நூலகர் பணியிடம் மட்டும் அப்படியே நிற்கிறது.

போன பங்குனியில் திருச்சிக்குப் போயிருந்தபோது தோழியின் கூகுள் டாக் இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்த்தேன். இப்போது 60 பக்கத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பருவத் தேர்வு விடுமுறையிலும் உட்கார்ந்து எல்லா இணைப்பையும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பாளாம். நான் இருந்த அன்று 11 செத்திருந்தன, இரண்டு சூதாட்ட விளம்பரத் தளங்களுக்குப் போயின. எல்லாவற்றையும் சிவப்பில் குறித்துக்கொண்டே, "மின்சுற்று மட்டும் பாரு, அஞ்சும் அப்படியே இருக்கு" என்றாள். ஐந்தாவது வரியில் இணைப்பே கிடையாதே என்றேன். டார்ச் லைட்டில் இப்போது மின்கலத்தைக் கழற்ற முடிவதில்லை, சார்ஜ் போடுகிற மாதிரி ஒட்டி வருகிறது, அதனால் சுவர்க் கடிகாரம் என்று மாற்றிவிட்டதாகச் சொன்னாள்.